ஒரே ஒரு கையொப்பத்துக்கு ஒரு பாதுகாவலர் வேண்டி

அனுப்புநர்
பதினோராம் வகுப்பு மாணவி,
கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவரின் தங்கை,
மாடிப் போர்ஷன், அச்சகத்துக்குப் பின்சந்து.
தற்சமயம்: புற்றுநோய் மருத்துவமனை, மூன்றாம் மாடி, தனிமை வார்டுக்கு வெளியே உள்ள பெஞ்சு.

பெறுநர்
சிறார் நல அதிகாரி அவர்கள்,
சிறார் நல அலுவலகம்.

பொருள்: இரத்தப் புற்றுநோயால் அவதிப்படும் என் அக்காவுக்கு எலும்பு மஜ்ஜை கொடுக்க, மைனரான எனக்காகக் கையொப்பமிட ஒருவரை அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் நியமிக்கக் கோருதல் – என் முந்தைய மூன்று மனுக்கள் திருப்பப்பட்டது குறித்துப் புகார் – நாளை காலை வரவிருக்கும் ஒரு கடிதத்தின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் எனக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் அக்காவை எனக்குப் பாதுகாவலராக நியமித்த தங்கள் அலுவலக உத்தரவு. 2. திருப்பப்பட்ட என் மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

தாங்கள் புதிதாகப் பொறுப்பேற்றிருப்பதாக வாசலில் சொன்னார்கள். பெயர்ப்பலகை இன்னும் மாட்டப்படவில்லை. ஐயாவா அம்மாவா என்று நான் கேட்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. அதனால் இரண்டையும் எழுதியிருக்கிறேன், பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. இந்த மனுவில் நடந்தவை அனைத்தையும் நடந்தபடியே எழுதுகிறேன். எங்களுக்குச் சாதகமாக இல்லாதவற்றையும் விடவில்லை. ஒருவர் சொன்ன சொல்லே முக்கியமாக இருக்கும் இடங்களில் அவர் பேசியபடியே கொடுத்திருக்கிறேன். அதை நான் திருத்தி எழுதினால் பொருள் மாறிவிடுமோ என்று பயம். வீட்டில் அக்காவை 'வா, போ' என்றுதான் பேசுவேன். அலுவலகத்துக்கு எழுதுவதால் 'அவர்' என்று குறிப்பிடுகிறேன்.

2. எங்கள் வீட்டில் இருப்பது நாங்கள் இருவர் மட்டுமே. அப்பாவை எனக்கு நினைவில்லை. அம்மா நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது இறந்துவிட்டார். அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவர் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்க்கிறார். கடையின் முன்பக்கம் முழுக்க வெளிச்சமாக இருக்கும். பின்னறையில் ஒரு தேய்க்கும் இயந்திரம், ஒரு வாளித் தண்ணீர், ஒரு ஸ்டூல் மட்டும்தான். வட்டமாக வரும் லென்ஸை வாடிக்கையாளர் எடுத்த ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்த வேண்டும். மயிரிழை அதிகம் தேய்ந்தால் லென்ஸ் கழன்று விழும். குறைவாகத் தேய்ந்தால் ஃபிரேம் விரிந்துவிடும். பொருத்தியதும் எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கோடு நேராகத் தெரிகிறதா என்று அதன் வழியாகப் பார்ப்பார். பள்ளி விட்டதும் அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துதான் நான் படிப்பேன். "ஊருக்கெல்லாம் கண்ணு தெரிய வைக்கிறேன், இந்தப் பொண்ணுக்கு மட்டும் புத்தகத்தத் தவிர ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்று முதலாளியிடம் என்னைப் பற்றிக் குறை சொல்வார். முதலாளி போன பிறகு, "இன்னும் ரெண்டு பக்கம் படிச்சுட்டு வா, வீட்டுக்குப் போகலாம்" என்பார். நான் எதைக் கேட்டாலும் மூன்று காரணம் சொல்லிக் கேட்பேனாம். அதனால் எனக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்.

3. பார்வை ஒன்றில் உள்ள உத்தரவு எப்படி வந்தது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். எங்கள் சித்தப்பா டயர் கடை வைத்திருக்கிறார். அம்மா இறந்த மாதமே வீட்டுக்கு வந்தார். "பொம்பளப் புள்ள, படிச்சது போதும். கடையில பில்லு போட ஆள் இல்ல. சாப்பாடு துணிமணியெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். அக்கா, "அவ படிக்கிற புள்ள சித்தப்பா" என்றார். அதற்கு அவர், "நீயே ஒரு சின்னப் பொண்ணு. நீ அவளுக்குக் கார்டியனா?" என்று சிரித்தார். அக்கா அன்றே முடிவு செய்துவிட்டார். அரைநாள் அரைநாளாக விடுப்பு எடுத்துக்கொண்டு தங்கள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். உத்தரவு தட்டச்சு ஆகும்போது ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். அப்போதிருந்த எழுத்தர், "இப்படியெல்லாம் வழக்கமா போடறதில்லம்மா" என்று சொல்லிப் பார்த்தார். "போடுங்க சார், இல்லன்னா நாளைக்கே யாராவது வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்று அக்கா மேசையை விட்டு நகரவில்லை. அந்த வரி இது: 'மேற்படி சிறுமி தொடர்பாக இவரைத் தவிர வேறு எந்த உறவினரும் எக்காரணம் கொண்டும் கையொப்பமிட உரிமையற்றவர்.' வீட்டுக்கு வரும் வழியில் அக்கா அதை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். 'எக்காரணம் கொண்டும்' என்ற இடம் வந்ததும், "அத மட்டும் இன்னொரு வாட்டி படி" என்றார். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வரி நாங்களாகவே கேட்டு வாங்கியது. யார் மீதும் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை.

4. போன மழைக்காலத்தில் அக்காவுக்குப் பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தது. கையிலும் காலிலும் நீலம் பாய்ந்தது. இயந்திரத்தில் இடித்துக்கொண்டதால் இருக்கும் என்று அவரும் நினைத்தார், நானும் நம்பினேன். பிறகு ஒருநாள் கடையில் கறுப்புக் கோட்டைப் பார்க்க எழுந்தவர் அப்படியே விழுந்துவிட்டார். இரத்தப் புற்றுநோய் என்று இந்த மருத்துவமனையில் சொன்னார்கள். முதலில் மருந்து ஏற்றி நோயை அடக்க வேண்டும், அடங்கியிருக்கும்போதே வேறொருவரின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்த வேண்டும், நோய் மறுபடி கிளம்பிவிட்டால் அந்த வழி மூடிவிடும் என்று டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். இன்னொரு முறை சொல்லச் சொல்லி நான் குறிப்பு எடுத்துக்கொண்டேன். அக்கா டாக்டரம்மாவிடம், "இவ பரீட்சைக்குப் படிக்கறா டாக்டர், நீங்க மெதுவா சொல்லுங்க" என்றார். அப்போது அவரால் கிண்டல் செய்ய முடிந்தது. நோயும் மருந்தில் அடங்கியது.

5. பணம் கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. ஆனால் பில்களைச் சொல்லாமல் விட்டால் காலத்தின் அவசரம் தங்களுக்குப் புரியாது. ஸ்கூட்டர், அம்மாவின் தோடு, ஃபிரிட்ஜ் மூன்றும் முதல் சுற்று மருந்திலேயே போய்விட்டன. முதலாளி அடுத்த வருடச் சம்பளத்தையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது, "இனிமே நீ செத்தாக்கூட என் கடையிலதாம்மா வேல செஞ்சாகணும்" என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை, அறைக்கு வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிலிருந்து பில் கட்டுவது என் வேலை. ஒவ்வொரு வரியையும் படிப்பேன். ஒருமுறை ஒரே ஊசி இரண்டு தரம் ஏறியிருந்ததைக் காட்டினேன். பணம் வாங்கும் அண்ணன், "எந்த கிளாஸ்மா படிக்கற?" என்று கேட்டுவிட்டுத் திருத்திக் கொடுத்தார். மற்ற நாட்களில் பில் எல்லாமே சரியாகத்தான் இருக்கிறது. சரியாக இருப்பதுதான் கஷ்டம். அதில் குறைக்க ஒன்றும் இருக்காது.

மஜ்ஜை மாற்றும் செலவை ஏற்க ஓர் அறக்கட்டளை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் இம்மாத முடிவுக்குள் தேதி குறிக்கப்பட வேண்டும். தவறினால் அந்தத் தொகை அடுத்த நோயாளிக்குப் போய்விடும். அதுவரை நோய் கிளம்பாமல் பிடித்துவைக்க ஏற்றும் மருந்துக்கும், அக்கா இருக்கும் இந்தக் கண்ணாடித் தனியறையின் வாடகைக்கும் நாங்கள்தான் கட்ட வேண்டும். சிகிச்சைக்குப் பணம் இருக்கிறது. காத்திருப்பதற்குத்தான் எங்களிடம் பணம் இல்லை.

6. மஜ்ஜை கொடுக்க முதலில் பார்ப்பது கூடப்பிறந்தவர்களைத்தான் என்றார்கள். என் இரத்தத்தைச் சோதித்தார்கள். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "அச்சு அசலா பொருந்துதும்மா" என்று என் தலையில் கை வைத்தார். அக்காதான் ஒத்துக்கொள்ளவில்லை. "உன் எலும்புல ஊசி குத்த நான் விட மாட்டேன். போய் வேற ஆளப் பாக்கச் சொல்லு" என்றார். நான் மூன்று காரணம் சொல்லத் தொடங்கினேன். இரண்டு சொன்னேன். மூன்றாவதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அக்கா, "சரி சரி, மூணாவது புரிஞ்சுது" என்றார்.

மைனர் என்பதால் என்னைத் தனியாக உட்காரவைத்து ஓர் ஆலோசகர் விசாரித்தார். கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டார். "ஆமாங்க, குடுக்கக் கூடாதுன்னு எங்க அக்கா கட்டாயப்படுத்துறாங்க" என்றேன். பயமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன். இடுப்பெலும்பில் ஊசி போடுவார்கள், மயக்க மருந்து கொடுப்பார்கள், சில நாட்கள் வலிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பயப்படுவதால் சம்மதம் இல்லை என்று ஆகிவிடாது என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் நகலை இணைத்திருக்கிறேன்.

7. இதற்குப் பிறகு மருத்துவமனையின் ஒப்புதல் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே நடந்தது சின்ன உரையாடல்தான். கொடுப்பவர் மைனர், பாதுகாவலர் கையெழுத்து வேண்டும் என்றார் அங்கிருந்த அம்மா. "உன் கார்டியன் யாரு?" என்று கேட்டார். "எங்க அக்கா." "வாங்கிக்கறது யாரு?" "எங்க அக்கா." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வாங்குபவரே கொடுப்பவருக்காகக் கையொப்பமிடக் கூடாது என்பது விதி. அந்த விதி தவறு என்று நான் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தேன்; நல்ல விதிதான். ஆதரவில்லாத குழந்தைகளிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் எங்களைப் போன்ற இரண்டு பேரை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

8. வேறு வழியில்லாமல் சித்தப்பாவுக்குத் தகவல் சொன்னோம். அவர் உடனே வந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று அக்காவைப் பார்த்து அழுதார். முடி கொட்டிய தலையைப் பார்த்ததும், "எங்கண்ணன் மொகம் அப்படியே இருக்குடா" என்றார். ஒப்புதல் பிரிவுக்கு என்னை அழைத்துப்போய், "எங்க கையெழுத்து போடணும், குடுங்க" என்று கேட்டார். அவர்கள் உத்தரவைப் படித்துவிட்டு முடியாது என்றார்கள். "நான் என்ன மூணாம் மனுஷனா? கூடப்பொறந்த அண்ணன் பொண்ணும்மா இவ!" என்று சத்தம் போட்டார். "இந்த ஆர்டர் இருக்கற வரைக்கும் நீங்க மூணாம் மனுஷன்தான் சார்" என்று பதில் வந்தது. சித்தப்பாவின் முகம் சிறுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் பேசியது வேறு மாதிரி. "அந்தப் பேப்பர என் பேருக்கு மாத்தச் சொல்லு. அப்புறம் எத்தன கையெழுத்து வேணும்னாலும் போடறேன்" என்றார்.

அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. தினமும் சாப்பாடு கொடுத்தனுப்புகிறார். ஆனால் என் படிப்பு என்ன ஆகும் என்று கேட்டபோது, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அதே பதில்தான்.

9. இனி புகார். தங்கள் அலுவலகத்தில் மூன்று மனுக்கள் கொடுத்தேன். முதல் மனு, மைனர் நேரடியாக மனுச் செய்ய முடியாது, பாதுகாவலர் மூலமாக வர வேண்டும் என்று திரும்பி வந்தது. இரண்டாவதில் அக்கா கையொப்பமிட்டார். பாதுகாவலருக்கு இதில் சொந்த நலன் இருப்பதால் ஏற்க இயலாது என்று அதுவும் திரும்பியது. மூன்றாவதில் இருவரும் கையொப்பமிட்டு டாக்டரம்மாவின் கடிதத்தையும் வைத்தோம். பாதுகாவலர் நேரில் ஆஜராக வேண்டும் என்று எழுதித் திருப்பினார்கள். அக்காவின் இரத்தத்தில் இப்போது எதிர்ப்பு சக்தி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. பக்கத்தில் ஒருவர் இருமினால்கூட அவருக்கு ஆபத்து. தங்கள் அலுவலக வரிசையில் எத்தனை பேர் இருமுகிறார்கள் என்பதை நான் அங்கே நின்று பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் மேசையில் இருக்கும் எழுத்தர் என்னை விரட்டவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். உட்காரச் சொன்னார்; கோப்பை முழுதும் படித்தார். "எனக்குப் புரியாம இல்லம்மா. எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கு. ஆனா ஃபைல்ல என்னன்னு எழுதறது? இதுக்கு ஒரு ஃபாரமே இல்லியே" என்றார். பிறகு ஆறுதலாக, "உனக்குப் பதினெட்டு முடிஞ்சுட்டா நீயே போட்டுக்கலாம். இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும், அவ்ளோதானே" என்று சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

இன்னொரு வழியும் இருப்பதாக அவர்தான் சொன்னார். அக்கா பாதுகாவலர் பொறுப்பைத் துறப்பதாக எழுதிக் கொடுக்கலாம். கடிதம் ஏற்கப்பட்ட நிமிடமே பொறுப்பு நீங்கிவிடும். பிறகு அறிவிப்பு ஒட்டி, முப்பது நாள் ஆட்சேபணைக்குக் காத்திருந்து, சித்தப்பாவின் விண்ணப்பத்தை விசாரித்து, அவரை நியமிப்பார்கள். அந்த இடைப்பட்ட காலத்தில் எனக்குப் பாதுகாவலர் இல்லாததால் என்னை அரசு விடுதியில் வைப்பார்கள். எனக்காக யாரும் எதிலும் கையொப்பமிட முடியாது. நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

10. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் கண்ணாடிக்கு உள்ளிருந்து போனில் பேசினார். இந்த வார்டில் உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் ஆளுக்கொரு போனை எடுத்துத்தான் பேச வேண்டும். "செத்தாலும் அந்தப் பேப்பர விட மாட்டேன். இந்த வைத்தியம் பலிக்கலன்னா என்னாகும்? நானும் இல்லாம, பேப்பரும் இல்லாம, நீ டயர் கடையில உக்காந்து பில்லு போடுவியா?" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் குரல் நன்றாக இருந்தது. ஒருமுறை கோபப்பட்டால் ஒருநாள் சாப்பிட்ட மாதிரி தெம்பு வருகிறது அவருக்கு. அதனால் நானும் அடிக்கடி அந்தப் பேச்சை எடுத்தேன்.

11. இன்று நடந்தது. காலையில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா என்னை வராந்தாவுக்கு அழைத்து, "லேசா தலை தூக்கப் பாக்குதும்மா. இன்னொரு மருந்து குடுத்துப் பிடிச்சு வெச்சிருக்கேன். ஆனா ரொம்ப நாள் பிடிக்க முடியாது. கையெழுத்து என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

கண்ணாடிக்கு வெளியே நின்று பேசினால் சத்தம்தான் கேட்காது, முகம் தெரியும். அக்காவுக்குக் கண் கூர்மை. நான் திரும்பி வந்து பெஞ்சில் உட்காருவதற்குள் போனை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். "சித்தப்பாவ வரச் சொல்லு. எழுதிக் குடுத்துடறேன்" என்றார்.

நான் மறுத்தேன். முப்பது நாள் ஆகும் என்றேன். சித்தப்பாவுக்குத் தெரிந்த ஆள் இருக்கிறாராம், ஒரே நாளில் முடித்துவிடலாமாம் என்றார். அப்படி எதுவும் நடக்காது என்று மூன்றாம் மேசை எழுத்தர் சொன்னதை அப்படியே சொன்னேன். வழக்கம்போல முதல் காரணம், இரண்டாம் காரணம் என்று ஆரம்பித்தேன்.

"வக்கீலம்மா, போதும்டி. உங்கூட வாதாட எனக்கு மூச்சு இல்ல" என்றார்.

மஜ்ஜை விஷயம் ஒன்றைத் தவிர, அவர் என்னிடம் இதுவரை தோற்றதில்லை. நான் எத்தனை காரணம் சொன்னாலும் நான்காவதாக ஒன்றைச் சொல்லி என் வாயை அடைத்துவிடுவார். இன்று அவர் வாதத்துக்கே வரவில்லை. இரத்தப் பரிசோதனை முடிவைவிட எனக்கு இதுதான் பயமாக இருந்தது.

மதியம் சித்தப்பா கடிதத்தை எழுதிக்கொண்டு வந்தார். நர்ஸ் கையுறை போட்டுக்கொண்டு அதை உள்ளே எடுத்துப் போனார். அக்காவால் பேனாவை அழுத்த முடியவில்லை. இரண்டாவது முயற்சியில் கையொப்பம் வந்தது. லென்ஸை மயிரிழை பிசகாமல் தேய்க்கிற கையின் கையொப்பம் அது என்று பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். சித்தப்பா அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, "நாளைக்குக் காலையில ஆபீஸ் தொறந்ததும் மொத ஆளா நிப்பேன்" என்று அக்காவிடம் போனில் சொல்லிவிட்டுப் போனார். அக்கா என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

12. அந்தக் கடிதத்தை ஏற்றால் என்ன நடக்கும் என்பதைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஏற்ற நிமிடத்தில் அக்கா எனக்குப் பாதுகாவலர் இல்லை. சித்தப்பா இன்னும் பாதுகாவலர் ஆகவில்லை. மாதம் முடிந்துவிடும். அறக்கட்டளைப் பணம் போய்விடும். நோய் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்காது. நான் அரசு விடுதியில் இருப்பேன். இந்தப் பெஞ்சில் இருக்க மாட்டேன். அக்கா எழுந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அவரிடம் கொடுப்பதற்கென்று மிச்சமிருந்தது அந்த ஓர் உத்தரவுதான். அதையும் கொடுத்துவிடுவார், பதிலுக்கு ஒன்றும் வராது.

13. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

(அ) நாளை காலை என் சித்தப்பா கொண்டுவரும் துறப்புக் கடிதத்தின் மீது இந்த மனு முடிவாகும் வரை எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம். பொறுப்பைத் துறப்பவர் மூச்சுவிடவே சிரமப்படும் ஒரு நோயாளி. அதில் கையொப்பம் அவருடையதுதான். வாசகம் அவருடையது அல்ல.

(ஆ) என் அக்காவின் நியமனத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மஜ்ஜை கொடுப்பதற்கான ஒப்புதலில் மட்டும் கையொப்பமிட ஒருவரை நியமிக்க வேண்டும். அந்த ஒருவர் தாங்களாகவே இருக்கலாம். உத்தரவில் 'வேறு எந்த உறவினரும்' என்றுதான் இருக்கிறது; தாங்கள் எங்களுக்கு உறவினர் அல்ல. இதை ஒரு சாமர்த்தியமாகச் சொல்லவில்லை. உத்தரவைப் பலமுறை படித்ததில் எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

(இ) இதற்குப் படிவம் இல்லை என்று சொன்னதால், தங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் உத்தரவின் வாசகத்தை நானே எழுதிப் பார்த்திருக்கிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் மன்னித்து, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம்: 'மேற்படி சிறுமி தன் அக்காவுக்கு எலும்பு மஜ்ஜை கொடுப்பதற்கான ஒப்புதலில், அந்த ஒரு காரியத்துக்கு மட்டும், சிறார் நல அதிகாரி பாதுகாவலராகக் கையொப்பமிடுகிறார். அக்காவின் பாதுகாவலர் பொறுப்பு இதனால் எவ்விதத்திலும் பாதிக்கப்படாது. கையொப்பமிட்டதும் இந்த உத்தரவு முடிவடையும்.'

(ஈ) தங்களாலும் இயலாது என்றால், யாரால் இயலும் என்பதையாவது எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர் எத்தனை தூரத்தில் இருந்தாலும் நான் போவேன். யாராலும் இயலாது என்றால் அதையும் எழுத்திலேயே தர வேண்டும். டாக்டரம்மா கேட்கும்போது நான் வாயால் சொல்ல முடியாமல் நிற்கிறேன்.

நேரில் விசாரிக்க விரும்பினால் தாங்கள் என்னை அலுவலகத்துக்கு அழைக்கலாம். அக்காவை அழைக்க வேண்டாம். இங்கே வந்து கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். பார்வையாளர் நேரம் மாலை நான்கிலிருந்து ஏழு வரை. செருப்பை வெளியே விட வேண்டும்.

அலுவலகம் திறப்பதற்கு முன்பே நாளை வாசலில் நின்று இதை நேரில் கொடுப்பேன். சித்தப்பாவும் அங்கே இருப்பார். எங்கள் இருவரில் யார் முன்னால் நிற்கிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்துவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிலை நம்பியிருக்கும்,

மனுதாரர் கையொப்பம்: நோயாளியின் தங்கை

நாள்: இம்மாதம் பதினெட்டு, வியாழன்
இடம்: மருத்துவமனை, மூன்றாம் மாடி

பாதுகாவலர் கையொப்பம்:

இந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மைனரின் மனுவில் பாதுகாவலர் கையொப்பம் இல்லையென்றால் திருப்பப்படும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்த மனு என் பாதுகாவலரின் கடிதத்துக்கு எதிரானது. அவருக்குத் தெரிந்தால் என்னைத் தடுப்பார். சற்றுமுன் போனில், "என்னடி அவ்ளோ நேரமா எழுதற?" என்று கேட்டார். வீட்டுப்பாடம் என்றேன். "கையெழுத்து அழகா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தலையணையில் சாய்ந்தார். இப்போதுதான் அவருடைய அறை விளக்கை அணைத்தார்கள்.